அன்னதானப் பலகையில் ஏறின தூதுவர்

சுகந்தி, இந்தக் கடிதம் உன்ரை கைக்கு வர முதல் ஊர்ச்சனம் முழுக்க வாசிச்சு முடிச்சிருக்கும். கோவிக்காதை பிள்ளை. போன கிழமை கோயில் சபைக்காரர் ரெண்டு பேர் வந்து கதிரையிலை இருந்து, தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டு, உங்கடை மகள் நோர்வே நாட்டின்ரை தூதுவராப் போறா, புங்குடுதீவிலை எங்கடை இறுப்பிட்டிக்கே பெருமை, ஊரின்ரை இணையப் பக்கத்திலை போட நீங்கள் ஒரு வாழ்த்து எழுதித் தரவேணும் எண்டு கேட்டவை. எனக்கு வாழ்த்து எழுத வராது. சீரும் சிறப்பும் பெற்று எண்டு தொடங்கினாலே எனக்குக் கொட்டாவி வந்திடும். கடிதம் எண்டால் எழுதித் தாறன் எண்டு சொன்னன். முப்பத்தைஞ்சு வருசமா உனக்கு எழுதிப் பழகின கை இது. அதோடை இன்னொரு காரணமும் இருக்கு. உன்ரை விசயத்திலை நான் விட்ட பிழை, ஊருக்கு முன்னாலை விட்ட பிழை. அதை உன்ரை காதுக்குள்ளை மட்டும் ஒத்துக்கொண்டால் அது நேர்மை இல்லை. எல்லாரும் வாசிக்கட்டும். சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

முதல் என்ரை சந்தோசப் புளுகத்தைச் சொல்லிப்போடுறன், இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும். வாற புதன்கிழமை நீ அந்த ஆபிரிக்க நாட்டுச் சனாதிபதிக்கு முன்னாலை நிப்பாய். நோர்வே ராசா தன்ரை கையாலை கையெழுத்து வைச்ச கடிதத்தை அவரிட்டைக் குடுப்பாய். ராசா, பிள்ளை! இந்த ஒழுங்கையெல்லாம் செருப்பில்லாமல் ஓடித் திரிஞ்சவளிட்டை ஒரு ராசா கடிதம் குடுத்துவிட்டிருக்கிறார். எந்த வாசலாலை போவாய், ஆர் ஆர் கூட வருவினம், கடிதத்தை ஒரு கையாலை குடுக்கிறதோ ரெண்டு கையாலையும் குடுக்கிறதோ, பாண்ட் வாசிப்பினமோ எண்டு நான் கேட்ட கேள்வியளுக்கு மறுமொழி சொல்லியே நீ களைச்சுப்போனாய். சீலைதான் கட்டப்போறன் எண்டு சொன்னாய். அந்த மாம்பழக் கலர்ச் சீலை வேண்டாம், அது மொரமொரப்பு, நடக்கேக்கை காலுக்குள்ளை இடறும். கடும்பச்சையைக் கட்டு. ஊர்ச்சனமும் வாசிக்கிறபடியால் சொல்லுறன், ரெண்டும் நான் வாங்கிக் குடுத்த சீலையள்தான்.

இனிப் பிழைக்கு வாறன். மாசி மாதம் ஒரு நாள் காலமை நீ எடுத்தனீ. குரல் ஒரு மாதிரி இருந்தது, எனக்கு முதல் பயம் பிடிச்சிட்டுது. "அம்மா, எனக்குத் தரப்போயினம்" எண்டு சொன்னாய். இதுக்கு முதல் மூண்டு தரம் நீ கேட்டு, மூண்டு தரமும் வேறை ஆக்கள் தூதுவராப் போனது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் பறவாயில்லை அம்மா எண்டு சொல்லுவாய். அண்டைக்கு எனக்கு வடிவா விளங்கப்படுத்தினாய். நோர்வே உன்னைத் தெரிஞ்செடுத்திட்டுது, ஆனால் போற நாடும் ஓம் எண்டு சொல்லவேணுமாம். உன்ரை பேரை அவையிட்டைக் கமுக்கமாக் குடுத்துக் கேப்பினமாம். அவை ஓம் எண்டு சொல்லுமட்டும் வெளியிலை மூச்சு விடக்கூடாதாம். முந்தி வெளியிலை வந்தால், எங்களைக் கேக்க முதல் உலகத்துக்குச் சொல்லிப்போட்டினமே எண்டு அவைக்குக் கோவம் வருமாம். வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு அவை காரணம் சொல்லவும் தேவையில்லையாம். உங்கடை மருமகனுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் சொல்லியிருக்கிறன் அம்மா, பிள்ளையளுக்குக் கூடச் சொல்லேல்லை எண்டாய்.

எனக்கு இது விளங்காத சங்கதியே? இதுதானே எங்கடை கலியாணப் பேச்சு. சாதகக் குறிப்பைக் குடுத்துவிட்டால், மாப்பிள்ளை பகுதி ஓம் எண்டு சொல்லுமட்டும் பொம்பிளை பகுதி வாய் திறக்காது. வேலிக்கு அங்காலை நிக்கிறவளுக்கும் தெரியக்கூடாது. முந்திச் சொன்னால் குழம்பிப்போகும். இதெல்லாம் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை, எத்தினை சம்மந்தம் பேசி முடிச்ச வாய் இது எண்டு உனக்கே பெருமையாச் சொன்னனான். நீ சிரிச்சனீ. நானும் சிரிச்சனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கடை பிள்ளையாருக்கு ஒரு அன்னதானம் குடுப்பம் எண்டு போனன். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லையே, சோறுதானே போடப்போறன் எண்டு நினைச்சன். ஆனால் எங்கடை கோயிலிலை சோத்தைச் சும்மா போட ஏலாது. மடத்து வாசலிலை ஒரு கரும்பலகை இருக்கு. அண்டைக்கு ஆரின்ரை உபயம், என்ன காரணம் எண்டு அதிலை எழுதவேணும். கனடாவிலை பேரன் பிறந்தது, பிரான்சிலை மகன் வீடு வாங்கினது, தேப்பன்ரை ஆண்டுத் திவசம், எல்லாம் அந்தப் பலகையிலை ஏறியிருக்கு. பலகை எழுதுற நடராசா அண்ணை சோக்கட்டியோடை நிண்டு, என்ன காரணம் அக்கா எண்டு கேட்டார். மகளுக்கு நல்லது நடக்கவேணும் எண்டு சொன்னன். அவர் எழுதேல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம், பலகையிலை இடம் கனக்கக் கிடக்கு, விசயத்தைச் சொல்லுங்கோ எண்டார். மகளுக்கு வேலை உயர்வு எண்டன். அப்ப பக்கத்திலை நிண்ட ஒரு மனுசி, பேர் எழுதமாட்டன், வாசிக்கேக்கை அவவுக்கே விளங்கும், "உவவின்ரை மகள் அங்கை மீன் வெட்டுறவ எல்லோ, அதிலை என்ன உயர்வு?" எண்டு கேட்டா. பகிடியாத்தான் கேட்டவ. ஆனால் எனக்கு உச்சந்தலையிலை சுள்ளெண்டு ஏறிச்சுது. "தூதுவர்" எண்டு சொல்லிப்போட்டன்.

தவளை தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? நடராசா அண்ணை எந்த நாட்டுக்கு எண்டு கேட்டார். அதையும் சொன்னன். சொல்லத் தொடங்கினாப் பிறகு எனக்கு நிப்பாட்ட ஏலாமல் போச்சுது பிள்ளை, அவ்வளவு சந்தோசம். அந்த மனுசியின்ரை முகத்தைப் பாத்துப் பாத்துச் சொன்னன். அண்ணையின்ரை கையெழுத்தும் முத்து முத்தான கையெழுத்து. நோர்வே நாட்டின் தூதுவராகச் செல்லும் எங்கள் ஊரின் புதல்வி எண்டு தொடங்கி, அந்த நாட்டின்ரை பேரும் போட்டு, உன்ரை முழுப்பேரும் போட்டு, அன்புத் தாயாரின் உபயம் எண்டு முடிச்சார். பேந்து வழக்கம் போலை, பந்தியிலை சனம் இருந்து சாப்பிட, பலகையும் வடிவாத் தெரிய ஒரு படம் எடுத்தவை. உபயகாரற்றை சொந்தங்கள் வெளிநாட்டிலை இருந்து பாக்கிறதுக்காக அந்தப் படத்தை ஊரின்ரை இணையப் பக்கத்திலை போடுறது வழக்கம். நானும் படத்துக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்.

நான் வீட்டை வந்து சீலை மாத்த முதல் ரொறன்ரோவிலையிருந்து உன்ரை சின்னம்மா எடுத்திட்டாள். கூடப்பிறந்த எனக்குச் சொல்லாமல் பலகைக்குச் சொன்னியோ எண்டு அவளுக்குக் கொதி. பாரிஸிலை ஆரோ ஒருத்தர் உன்ரை படத்தை எடுத்து, சுத்திவர ரோசாப்பூவும் ரெண்டு பக்கமும் குத்துவிளக்கும் வைச்சு, மண்ணின் மகளை வாழ்த்துகிறோம் எண்டு அடிச்சுவிட்டிட்டார். பொழுதுபடேக்கை சூரிச், லண்டன், சிட்னி எண்டு புங்குடுதீவான் இருக்கிற இடமெல்லாம் போயிட்டுது. ஒஸ்லோவுக்கும் போயிட்டுது. அங்கை ஒரு பத்திரிகைக்காரர் உன்ரை அமைச்சுக்கு ரெலிபோன் எடுத்து, இது மெய்யோ எண்டு கேட்டிட்டார்.

அடுத்த நாள் காலமை நீ எடுத்தனீ. கத்துவாய் எண்டு நினைச்சன். கத்தியிருந்தால் நானும் கத்தி, அழுது, அதோடை முடிஞ்சிருக்கும். நீ கத்தேல்லை. "அம்மா, அந்தப் பலகையை அழிக்கச் சொல்லுங்கோ" எண்டு மட்டும் சொன்னாய். நான் ஆரையும் கேக்கேல்லை, நானே கோயிலுக்கு ஓடிப்போய் ஈரத்துணியாலை துடைச்சன். நடராசா அண்ணை தன்ரை எழுத்து போகுதே எண்டு பாத்துக்கொண்டு நிண்டார். பலகையை அழிச்சன் பிள்ளை. ரொறன்ரோவை எந்தத் துணியாலை துடைக்கிறது?

அதுக்குப் பிறகு ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையும் நீ எடுக்காமல் விடேல்லை. ஞாயிறு தவறாமல் எடுத்தனீ. சாப்பிட்டியளோ, மருந்து குடிச்சியளோ, அங்கை வெய்யிலோ எண்டு கேட்டாய். நான் கேக்கிறதுக்கும் மறுமொழி சொன்னாய். ஆனால் உன்ரை விசயம் ஒண்டும் சொல்லேல்லை. அந்த நாடு ஓம் எண்டு சொல்லிச்சுதோ இல்லையோ, அமைச்சிலை உன்னை ஏசினவையோ, ஒண்டும் தெரியாது. முந்தியெல்லாம் உனக்குப் பல்லுக் கொதிச்சாலும் எனக்குத்தான் முதல் தெரியும். இப்ப நான் சாப்பாடும் வெய்யிலும் கேக்கிற கிழவி ஆகிப்போனன். உன்ரை முப்பது வருச உழைப்பை என்ரை ஒரு சொல்லு கவிட்டுப்போட்டுது, இனி இவள் எனக்கு ஒண்டும் சொல்லமாட்டாள் எண்டு நினைக்க நினைக்கச் சோறு இறங்கேல்லை. நயினாதீவு அம்மனிட்டைப் போய் அழுவம் எண்டு குறிகட்டுவான் துறையிலை படகு ஏறினால், ஒரு முன்பின் தெரியாத மனுசி எழும்பி, தூதுவரின்ரை தாயார், இதிலை இருங்கோ அம்மா எண்டு இடம் விட்டா. எனக்குக் கடலுக்குள்ளை குதிப்பம் போலை இருந்தது.

ஆனால் சுகந்தி, நான் வாய் காக்கத் தெரியாதவள் இல்லை. இதை நான் உனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை, இப்ப சொல்லுறன். உனக்குப் பத்தொன்பது வயசிலை உன்னை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனோடை அனுப்பினம். உன்ரை ஐயா உன்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சண்டை நேரம், வெளியிலை தெரிஞ்சால் வழியிலை மறிச்சுப்போடுவினம் எண்ட பயத்திலை, கொழும்பிலை தட்டெழுத்துப் படிக்கப் போறாள் எண்டு ஊரிலை சொன்னன். கூடப்பிறந்த தங்கச்சிக்கும் அதைத்தான் சொன்னன். நீ ஏறினாப் பிறகு மூண்டு மாதம் உன்னட்டை இருந்து ஒரு துண்டுக் கடதாசி வரேல்லை. இருக்கிறாயோ இல்லையோ எண்டு தெரியாது. கிணத்தடியிலை ஆரும் சுகந்தி எப்பிடி எண்டு கேட்டால், நல்லாப் படிக்கிறாள், கை நல்ல வேகமாம் எண்டு சொல்லுவன். சொல்லிப்போட்டு வாளியைக் கிணத்துக்குள்ளை விட்டு நெடுக அள்ளிக்கொண்டிருப்பன், முகத்தைத் திருப்பினால் தெரிஞ்சிடும் எண்டு. நோர்வே முத்திரையோடை உன்ரை முதல் கடிதம் வந்த அண்டைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு, வாயிலை சீலைத் தலைப்பை அடைஞ்சுகொண்டு அழுதன். உன்ரை கெட்ட காலம் முழுக்க என்ரை வாய் பூட்டுப் போட்டுக் கிடந்தது. நல்ல காலம் வந்தோடனை அந்தப் பூட்டு நிக்கேல்லை. இது சாட்டு இல்லை பிள்ளை. நடந்ததைச் சொல்லுறன்.

மீன் கதையையும் சொல்லவேணும், அதை ஊரும் கேக்கவேணும். அந்த முதல் கடிதத்துக்குள்ளை ஒரு படம் வைச்சிருந்தனீ. வெள்ளைக் கோட், வெள்ளைத் தொப்பி, கையுறை. வடக்குக் கரையிலை, மாதக்கணக்கிலை சூரியனைக் காணாத ஒரு ஊரிலை, மீன் தொழிற்சாலையிலை நிண்டு மீன் வெட்டுறன் எண்டு எழுதியிருந்தாய். நீ வெளிநாட்டிலை எண்டு ஊருக்குச் சொல்லக்கூடிய காலம் வந்தாப் பிறகு, அந்தப் படத்தைக் காட்டி, மகள் நேர்ஸ் எண்டு சொன்னன். ஓம், நான்தான் சொன்னனான். மீன் மச்சம் சமைக்காத வீடு, கடைக்கார முதலாளியின்ரை மகள், மீன் வெட்டுறாள் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஐயாவுக்கு அப்ப கண் மங்கிப்போச்சு, உன்ரை கடிதங்களை நான்தான் வாசிச்சுக் காட்டுறது. மீன் எண்டு வாற இடமெல்லாம் நோயாளி எண்டு வாசிச்சன். ஒரு நாளைக்கு ஐந்நூறு மீன் வெட்டுறன் எண்டு நீ எழுத, ஒரு நாளைக்கு ஐந்நூறு நோயாளியைப் பாக்கிறாளாம் எண்டு வாசிச்சுப்போட்டன். அந்த மனுசன், ஐயோ பாவம் பிள்ளை, ஒரு ஆள் எப்பிடி ஐந்நூறு பேரைப் பாக்கிறது எண்டு கவலைப்பட்டுக்கொண்டு இருந்தார். மகள் நேர்ஸ் எண்டு நினைச்சபடியேதான் கண்ணை மூடினவர். இப்ப எழுதேக்கை எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

பன்ரெண்டு வருசத்துக்குப் பிறகு, சண்டை ஓய்ஞ்சிருந்த நேரம் நீ வந்தனீ. வீடு நிறையச் சனம். எந்த ஆஸ்பத்திரி பிள்ளை எண்டு கேட்டினம். நான் அலுமாரிக்குப் பக்கத்திலை ஒதுங்கி நிண்டன். நீ என்னைத் திரும்பிப் பாக்கவும் இல்லை. "நான் ஆஸ்பத்திரியிலை வேலை செய்யேல்லை மாமி. நாலு வருசம் மீன் வெட்டினனான்" எண்டு, பால்மாவின்ரை விலை சொல்லுற மாதிரிச் சொன்னாய். பேந்து ஆரும் இல்லாத நேரம் என்னட்டைச் சண்டைக்கும் வரேல்லை. எனக்குத்தான் ரெண்டு நாள் உன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடந்தது. என்னிலை இல்லாத ஒரு குணம் இவளுக்கு எங்கையிருந்து வந்தது எண்டு அப்ப யோசிச்சன். பிறந்ததாலை வந்ததில்லை, தனிய நிண்டு பழகினதாலை வந்தது எண்டு இப்ப நினைக்கிறன்.

அந்தக் குளிருக்குள்ளை பகல் மீன், பின்னேரம் பாசை வகுப்பு. பிறகு அகதியள் விசாரணைக்கு மொழிபெயர்க்கப் போனாய். நெடுந்தீவு மனுசன் ஒருத்தர் தன்ரை வள்ளம் போனதைச் சொல்லி அழ, மேசைக்கு அங்காலை இருந்த அதிகாரி வள்ளத்தின்ரை பெறுமதி என்ன எண்டு கேட்டவராம். உனக்குச் சொல்லை மாத்திச் சொல்லுற வேலை மட்டும்தான், வாய் திறக்க ஏலாது. அண்டைக்குத்தான் அங்காலைப் பக்கத்துக் கதிரையிலை நான் இருக்கவேணும் எண்டு நினைச்சனான் அம்மா எண்டு எனக்கு எழுதினனீ. பல்கலைக்கழகம் போனாய். வெளிநாட்டு அமைச்சுக்குச் சோதினை எழுதினாய், முதல் தரம் எடுபடேல்லை. அப்ப நான் என்ன எழுதினனான்? முப்பது வயசாச்சு, உந்த விசர் வேலையளை விட்டிட்டு ஒரு கலியாணத்தைக் கட்டு எண்டு எழுதினன். அந்தக் கடிதத்துக்கு நீ மறுமொழி போடேல்லை. அடுத்த வருசம் சோதினை சித்தி எண்டு மட்டும் எழுதினாய். கலியாணமும் பிறகு நீயாப் பாத்துக் கட்டினாய், நான் பாத்திருந்தால் அவ்வளவு நல்ல மருமகன் கிடைச்சிருக்கமாட்டார். தாய் சொல்லுறது எல்லாம் வேதம் இல்லை எண்டு நீ உன்ரை பிள்ளையளுக்குச் சொல்லு, நான் சொன்னதாவே சொல்லு.

அந்த மருமகன்தான் எனக்கு மிச்சத்தைச் சொன்னவர். நாலாம் கிழமை, நீ வேலைக்குப் போன நேரம் பாத்து எடுத்து, மாமி நீங்கள் சாப்பிடுறேல்லையாமே எண்டு கேட்டார். நான் அழத் தொடங்கிட்டன். அப்பதான் நடந்ததைச் சொன்னார். பத்திரிகைக்காரருக்கு என்ன மறுமொழி சொல்லுறது எண்டு உங்கடை அமைச்சுக் கந்தோரிலை கூட்டம் வைச்சவையாம். இது ஆதாரமில்லாத வதந்தி, தூரத்து ஊரிலை ஒரு வயசான அம்மா விளங்காமல் எழுதுவிச்சிட்டா எண்டு சொல்லிப்போட்டால் அமத்திவிடலாம் எண்டு ஒரு பெரியவர் சொன்னாராம். நல்ல யோசினைதான். என்னட்டைக் கேட்டிருந்தால் நானே ஓம் எண்டிருப்பன், எனக்கு வயசு போய் அறளை பெயர்ந்திட்டுது எண்டு கையெழுத்தும் வைச்சுத் தந்திருப்பன். நீ ஏலாது எண்டிட்டாயாம். "என்ரை அம்மாவுக்கு எல்லாம் வடிவா விளங்கும். நான்தான் அவவுக்குச் சொன்னனான், பிழை என்ரை. வேணுமெண்டால் என்ரை பேரை எடுங்கோ. அவவை விளக்கமில்லாத பேய்ச்சி எண்டு எழுதவிடமாட்டன்" எண்டு சொன்னியாம். முப்பது வருசம் பாத்திருந்த கதிரை. மூண்டு தரம் கை தவறின கதிரை. அதை எனக்காக வேண்டாம் எண்டு தள்ளத் துணிஞ்சிட்டியே பிள்ளை. இதை நீ எனக்குச் சொல்லவும் இல்லை.

அதோடை நிக்காமல், ஒஸ்லோவிலை இருக்கிற அந்த நாட்டின்ரை தூதுவரிட்டை நீயே நேரை போனியாம். கந்தோரிலை சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனாய் எண்டு மருமகன் அழுத்திச் சொன்னவர், ஊர்ச்சனம் பிழையா விளங்கக்கூடாது. போய்ச் சமாளிப்புக் கதை ஒண்டும் கதைக்கேல்லையாம். கோயில் படத்தைக் காட்டினியாம். நிலத்திலை வரிசையா இருந்து வாழையிலையிலை சாப்பிடுற சனத்தைப் பாத்து, இது என்ன விழா எண்டு அவர் கேட்டாராம். பிள்ளைக்கு ஒரு நல்லது வந்தால் தாய் ஊருக்குச் சோறு போடுறது எங்கடை வழக்கம், என்ன காரணம் எண்டு எழுதாமல் போட ஏலாது, அம்மாவுக்கு என்னிலை இருந்த பெருமை பொறுக்கேல்லை, உங்கடை நாட்டுக்கு மரியாதைக் குறைவு எண்டு நினைச்சால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னியாம். அந்த மனுசன் படத்தைக் கிட்டப் பிடிச்சுப் பாத்து, சிரிச்சுக்கொண்டு நிக்கிற கிழவி ஆர் எண்டு கேட்டாராம். பேந்து, தன்ரை தாயார் எண்டால் முதல் மாட்டை அறுத்து ஊரைக் கூப்பிட்டுப்போட்டுத்தான் தனக்கே சொல்லியிருப்பா எண்டு சொல்லிக் கனநேரம் சிரிச்சாராம். முடிவைச் சொல்லுறது தான் இல்லை, ஆனால் நடந்ததை நடந்தபடி தன்ரை நாட்டுக்கு எழுதுறன் எண்டு சொல்லி அனுப்பினாராம். எனக்கு அந்த முகம் தெரியாத தாயை ஒருக்காப் பாக்கவேணும் போலை கிடக்கு.

மருமகன் கதைச்சு ரெண்டு கிழமையிலை ஓம் எண்டு வந்திட்டுது. நீ எடுத்து, "இப்ப சொல்லலாம் அம்மா" எண்டு சொன்னாய். ஆருக்குச் சொல்லுறது? ஊரிலை தெரியாத ஆள் ஒருத்தர் மிச்சம் இருக்கவேணுமே! எண்டாலும் நான் வாசலுக்குப் போய், படலையைத் திறந்துவிட்டு, ஒழுங்கையாலை போன வந்த எல்லாரையும் மறிச்சு மறிச்சுச் சொன்னன். தெரியும் அக்கா, தெரியும் அக்கா எண்டு எல்லாரும் சிரிச்சுக்கொண்டு போகினம். போகட்டும். இந்தமுறை பயமில்லாமல் சொன்னன். மீன் வெட்டின கதையையும் சேத்துச் சொன்னன், அந்தப் பேர் எழுதாத மனுசிக்கு ரெண்டு தரம் சொன்னன். மீன் வெட்டினவள்தான், அதுக்கு என்ன எண்டு கேட்டன். அவவும் கையைப் பிடிச்சு, வாழட்டும் எண்டு சொன்னா.

போற இடத்திலை என்ன செய்யவேணும் எண்டு உனக்குச் சொல்லித்தர எனக்கு வயசு மட்டும்தான் கிடக்கு, அறிவு இல்லை. ஆனால் ஐயா தெற்கை காலிப் பக்கம் கடை வைச்சிருந்த காலத்திலை செய்ததை மட்டும் சொல்லுறன். கடைக்கு ஆர் வந்தாலும் என்ன வேணும் எண்டு முதல் கேக்கமாட்டார். கதிரையைத் துடைச்சு இருத்துவார், பிள்ளையள் எப்பிடி, மழை எப்பிடி எண்டு அவையின்ரை சிங்களத்திலை விசாரிப்பார், பிறகுதான் சாமான். அவசரக்காரர் சினப்பினம், ஆனால் அவையும் திரும்ப வருவினம். கலவரத்திலை கடை எரிஞ்சாப் பிறகும் அந்த ஊரிலையிருந்து ரெண்டு மூண்டு பேர் கடிதம் போட்டவை. நீயும் அங்கை உன்னைத் தேடி வாறவையை முதல் இருத்து. விசாவுக்கு வந்து வெளியிலை வெய்யிலிலை நிக்கிற சனத்தை ஒருக்கா எட்டிப் பார். நீயும் ஒரு காலம் அப்பிடி நிண்டவள்தானே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. கார்க்காரனுக்கும் சாப்பாடு குடுத்தவையோ எண்டு கேள். வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது.

கடிதத்தை இந்த மட்டிலை முடிப்பம் எண்டு இருந்தன், நேற்றுப் பின்னேரம் நீ எடுத்தனீ. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. சாப்பிட்டியளோ, மருந்து குடிச்சியளோ எண்டு ஒண்டும் கேக்கேல்லை. "அம்மா, ஒரு விசயம். இவருக்கும் இன்னும் சொல்லேல்லை, உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்" எண்டு தொடங்கினாய். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன். நீ சொல்லி முடிச்சனீ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா எண்டு சொல்லுவாய் எண்டு நான் பாத்துக்கொண்டே இருந்தன். நீ சொல்லேல்லை. சரி அம்மா, வைக்கிறன் எண்டு வைச்சிட்டாய். கொஞ்ச நேரத்தாலை நடராசா அண்ணை கடிதம் எழுதி முடிஞ்சுதோ எண்டு கேட்டு வந்தவர், என்ரை முகத்தைப் பாத்திட்டு, என்ன அக்கா, புதுசா ஏதோ நல்ல செய்தி போலை எண்டு கேட்டார். மழை வரும் போலை கிடக்கு அண்ணை எண்டு சொன்னன்.